நிழலுக்கு உறுதி இல்லை

கரம்பனில் ஒரு பூட்டின வீடு.
படலையில் துருப்பிடித்த ஆமைப்பூட்டு,
கூரையில் மட்டும் பன்னிரண்டு நீலத் தகடு,
நேற்றுத் துடைத்த மாதிரி.
பூட்டினது நான்தான். கதவை இல்லை,
தகடுகளை. போன தையில்.
"கூரையில பொம்பிளையோ" என்று
ரோட்டால் போன ஒருத்தர் சைக்கிளை நிப்பாட்டினார்.

சொந்தக்காரர் சுகிர்தன் ஸ்காபரோவில்.
வீடு உழைக்கிறதை அங்கிருந்தே போனில் பார்க்கிறார்:
காலையில் மெல்ல ஏறி, மத்தியானம் நிமிர்ந்து,
பின்னேரம் சரிகிற ஒரு கோடு.
எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை
அவருக்கு விடிய ஆறு.
வேலைக்கு வெளிக்கிட முதல், தேத்தண்ணி ஆற முதல்,
அந்தக் கோட்டில் ஒரு பள்ளத்தைக் கண்டிருக்கிறார்.
ஒவ்வொரு நாளும் அதே நேரம்.
"தங்கச்சி, என்ரை வெயிலை ஆரோ எடுக்கினம்."

ஏணியை ஓட்டோவில் கட்டிக்கொண்டு போனேன்.
ஆடி மாதம். சோளகம் தலைமயிரைப் பிய்க்கிறது.
கூரையில் குந்தியிருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன்.
மூன்று இருபத்தைந்துக்கு வந்தது கள்ளன்:
கறுப்பாய், ஒல்லியாய், மூன்று கை,
ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு
ஒன்பதாம் தகட்டில் ஏறிப்
பத்தாம் தகட்டில் இறங்கி,
திரும்ப ஏறி.

மேற்கு வளவு மரியநாயகியுடையது.
வைகாசியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு,
பிளாஸ்ரிக் குழாயைப் பிளந்து இறகு சீவி,
ஆரோ கழித்த மோட்டரைக் கொழுவியிருக்கிறா.
காத்தாடி சுற்றுகிறது.
கீழே பத்தியில் வரிசையாய்ப் பதினேழு பற்றரி,
எல்லாம் மெலிஞ்சிமுனை வள்ளங்களுடையவை,
ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ரில் ஒரு பெயர்.
ஏற்றிக் கொடுக்க நூற்றைம்பது ரூபாய்.
காற்று விழுந்த நாளில் பாதிக்காசு.
"சபைக் கறண்டில ஏத்தினா எனக்கென்ன மிஞ்சும்?
காத்து பில் அனுப்பாது பிள்ளை."

பிறகு, நான் கேட்க வந்ததைக் கண்டுபிடித்து:
"வேலி ஒரு முழம் தள்ளிப்போச்செண்டு
அவற்றை தகப்பன் பதினொரு வருசம் கோட்டுக்கு ஏறினவர்.
இப்ப நிழலோ?
நிழலுக்கு உறுதி முடிச்ச நொத்தாரிசு
ஆரெண்டு கேட்டுச் சொல்லு."

கணக்குப் பார்த்தேன். நாளொன்றுக்கு அரை யூனிற்.
பார்த்தும் சொல்லாமல் விட்டது வேறொன்று.
பூட்டின வீட்டில் ஒரு பல்ப்கூட எரியவில்லை.
அவ்வளவு கறண்டும்
மீற்றரில் ஏற்றுமதி என்று பதிந்துவிட்டு
வெளியே வந்து, கம்பியில் ஏறி,
கிட்டக் கேட்கிற ஆளிடம் போகும்.
கிட்டக் கேட்கிறது
மரியநாயகியின் குளிர்ப்பெட்டி.

அன்றிரவு சுகிர்தனுக்குக் குரற்பதிவு போட்டேன்:
"அது காத்தாடி அண்ணை. பக்கத்து வளவு."
கேட்டதற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.
நாலாம் நாள் ஒரு வரி:
"எத்தினை இறகு?"
மூன்று என்றேன்.
படம் கேட்டார். அனுப்பினேன்.
தகட்டை இடம் மாற்றச் சொல்லுவார் என்று
இரண்டு சட்டம்கூட வாங்கி வைத்தேன்.
சொல்லவில்லை. சட்டம் இன்னும்
என் கோடிக்குள் கிடக்கிறது.

புரட்டாதி பிறந்த கையோடு போன் அடித்தது.
"தங்கச்சி, பள்ளத்தைக் காணேல்லை. நாலு நாள்.
காத்தாடி விழுந்திட்டுதோ?
அவவுக்கு ஏதும்..."

விழவில்லை என்றேன். வெயில் தெற்கே விலகிவிட்டது.
நிழல் இப்போது உங்கள் கிணற்றடியில்,
அள்ள ஆளில்லாத வாளியின் மேல் சுற்றுகிறது.
பங்குனியில் கூரைக்குத் திரும்பி வரும்.

அந்தப் பக்கம் கார்க் கதவொன்று திறந்து
சாத்துப்படாமல் கீக் கீக் என்றது.
"அப்ப அதுவரைக்கும் எனக்கு
அரை யூனிற் கூட" என்றார்,
நட்டம் சொல்லுகிற குரலில்.